செல்வாக்கும் செல்வமும்: சிகாகோ, டெட்ராய்ட், அட்லாண்டா

1974 ஜனவரியில், சில நாள் இடைவெளியில், அமெரிக்காவின் இரு பெருநகரங்களில் முதன்முறையாகக் கறுப்பினத்தவர் மேயராகப் பொறுப்பேற்றனர். டெட்ராய்ட்டில் கோல்மன் யங், அட்லாண்டாவில் மேனார்ட் ஜாக்சன். யங் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். 1952இல் கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தின் பேரில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு உள்ளாகி, பணியாமல் பதிலளித்துப் பெயர் பெற்றவர். ஜாக்சன் பாப்டிஸ்ட் போதகரின் மகன், வழக்கறிஞர். நாற்பது ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட் நகராட்சி ஏறக்குறைய 18 பில்லியன் டாலர் கடனுடன் திவால் நீதிமன்றத்தில் நின்றது. அட்லாண்டாவோ நாடெங்கிலும் உள்ள கறுப்பின நடுத்தர வர்க்கத்தினர் குடிபெயர விரும்பும் நகரமாயிற்று.

இந்த வேறுபாட்டை இரு மனிதர்களின் குணத்தைக் கொண்டு விளக்குவது எளிது. அப்படி விளக்கியவர்களும் பலர்: யங் பகைமை பாராட்டியவர், ஜாக்சன் இணக்கமாகப் போனவர் என்பார்கள். ஆனால் 1974இல் இருவர் கையிலும் வந்து சேர்ந்த நகரங்கள் ஒன்றல்ல. பதவி வந்தபோது கருவூலத்தில் என்ன இருந்தது, அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் அந்நகரக் கறுப்பின மக்கள் தமக்கென எந்த நிறுவனங்களைக் கட்டிவைத்திருந்தனர் ஆகிய இரண்டையும் பார்க்காமல் செய்யப்படும் ஒப்பீடு வெறும் ஆளுமைச் சித்திரமாகவே முடியும்.

செல்வாக்கை முதலில் கண்ட நகரம் சிகாகோ. 1910 முதல் 1970 வரை தென்மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 60 இலட்சம் கறுப்பின மக்கள் வடக்கிற்கும் மேற்கிற்கும் பெயர்ந்தனர். சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1910இல் 44 ஆயிரம். 1930இல் 2 இலட்சத்து 34 ஆயிரம். ராபர்ட் அபட் 1905இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழைப் புல்மன் இரயில் பெட்டிகளில் வேலை செய்த பணியாளர்கள் தெற்கே கொண்டுசென்று பரப்பினர். அவ்விதழின் மொழி தனி ஆய்வுக்குரியது. ‘நீக்ரோ’ என்ற சொல்லைத் தவிர்த்துத் தன் வாசகரை ‘இனத்தவர்’ என்றே அது குறித்தது. பிறர் இட்ட பெயரைப் புறந்தள்ளிவிட்டுத் தன்மானத்தோடு சேர்ந்த ஒரு பொதுப்பெயரை முன்வைத்தது.

தெற்கில் மறுக்கப்பட்ட வாக்குரிமை சிகாகோவில் இரயிலைவிட்டு இறங்கியவருக்குக் கிடைத்தது. செல்வாக்கு என்னும் தமிழ்ச்சொல்லைச் ‘செல்லுபடியாகும் வாக்கு’ என்று பிரித்தால் அது சிகாகோவுக்கு நேராகவே பொருந்தும். 1915இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் நகரமன்ற உறுப்பினரானார். 1928இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் அந்த அவைக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1940களிலிருந்து வில்லியம் டாசனின் வட்டங்கள் தந்த வாக்குகள் நகரத் தேர்தல்களின் முடிவையே மாற்றவல்லவையாயின. 1955இல் ரிச்சர்ட் டேலி மேயரானதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த வாக்குகளுக்கு ஈடாகக் கிடைத்தவை கடைநிலை அரசு வேலைகளும் சில பதவிகளும். வீடு கிடைக்கவில்லை. சிகாகோவின் கதை இங்கேதான் முறிகிறது. ஜெஸ்ஸி பிங்கா என்ற நிலத்தரகர் 1908இல் தொடங்கிய வங்கி 1921இல் மாநில உரிமம் பெற்றது; கறுப்பினக் குடும்பங்களுக்கு அடமானக் கடன் தந்த மிகச் சில இடங்களுள் ஒன்று அது. வெள்ளையர் குடியிருப்பில் வாழத் துணிந்ததற்காக அவருடைய வீட்டின்மீது பலமுறை குண்டு வீசப்பட்டது. 1930இல் பெருமந்தத்தின் முதல் அலையிலேயே வங்கி மூடப்பட்டது. அடமானச் சொத்துகளை அவசரத்தில் வாங்குவார் இல்லை. பெரிய வங்கிகளும் கைகொடுக்கவில்லை.

அதன்பின் வந்த கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் திட்டங்கள் கறுப்பினக் குடியிருப்புகளைச் சிவப்பு வண்ணமிட்டு இடர்மிக்கவை என்று வகைப்படுத்தின. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் அத்தகைய பகுதிகளின் கடனுக்குக் காப்புறுதி தர மறுத்தது. வங்கி கைவிட்ட இடத்தில் ஊகவணிகர் நுழைந்தனர். வெள்ளையரிடம் குறைந்த விலைக்கு வாங்கிய வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்குப் பன்மடங்கு விலையில், தவணை ஒப்பந்தத்தில் விற்றனர். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். அதே வீடு மறுமாதம் வேறொரு குடும்பத்துக்கு விற்கப்படும். 1950களிலும் 60களிலும் இவ்வகையில் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இழந்த தொகை 3 முதல் 4 பில்லியன் டாலர் என்று 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. நாடாளுமன்றத்தில் இடமும், நாடெங்கும் படிக்கப்பட்ட நாளேடும், 1945இல் ‘எபனி’யைத் தொடங்கிய ஜான்சன் பதிப்பகமும் இருந்த நகரத்தில் நடந்தது இது. 1968இல் லான்டேல் பகுதியில் தவணைக்காரர்கள் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்தபோது அவர்களுக்காகத் தங்கள் அரசியல்வாதிகள் முன்வரவில்லை என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றைப் படிக்கவேண்டும். 1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் மேயரானபோது ஐம்பது உறுப்பினர் மன்றத்தில் 29 பேர் அணிதிரண்டு அவர் கையைக் கட்டினர். மன்றத்தின் பலம் அவர்பக்கம் திரும்பிய சிறிது காலத்தில், 1987 நவம்பரில், அவர் மறைந்தார்.

டெட்ராய்ட்டில் நிலைமை தலைகீழ். அங்கே முதலில் வந்தது கூலி. ஹென்றி ஃபோர்ட் 1914இல் அறிவித்த ஐந்து டாலர் நாட்கூலி தெற்கிலிருந்து ஆட்களை ஈர்த்தது. ரூஜ் ஆலையில் வேலைபெறக் கறுப்பினத் தேவாலயப் போதகரின் பரிந்துரை உதவியது. தரப்பட்ட வேலை பெரும்பாலும் வார்ப்பட உலையில். ஆயினும் கூலி கூலியே. 1941இல் தொழிற்சங்கம் ஃபோர்டில் அங்கீகாரம் பெற்றபின், பள்ளிப்படிப்பு முடிக்காத கறுப்பினத் தொழிலாளியும் வீடு வாங்கக்கூடிய அரிய நகரமாக டெட்ராய்ட் விளங்கியது. 1959இல் பெர்ரி கோர்டி குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குமுன் அவரும் கார் ஆலையில் வேலை பார்த்தவர்தான்.

ஹேஸ்டிங்ஸ் தெருவை நடுவாகக் கொண்ட ‘பிளாக் பாட்டம்’ கறுப்பின வணிகத்தின் இதயமாக இருந்தது. இப்பெயரில் உள்ள ‘பிளாக்’ மக்களின் நிறத்தைக் குறிப்பதன்று. பிரெஞ்சுக் குடியேறிகள் அங்கு கண்ட கரிய வண்டல் மண்ணைக் குறிப்பது. மண்ணின் பெயர் மனிதர் மேல் படிந்துவிட்டது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அப்பகுதி இடிக்கப்பட்டு, அதன்மேல் விரைவுச்சாலை போடப்பட்டது. வாடகைக் கட்டடங்களில் இயங்கிய கடைகளுக்கு இழப்பீடும் பெரிதாக இல்லை.

ஆகவே யங் பொறுப்பேற்றபோது கூலி இருந்தது, அதுவும் கரைந்துகொண்டிருந்தது. மக்கள்தொகை 1950இல் 18.5 இலட்சமாக இருந்தது 1980இல் 12 இலட்சமாகக் குறைந்தது. ஆலைகள் புறநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் சென்றன. வெள்ளையரும் வரித்தளமும் பின்தொடர்ந்தனர். அவர் பதவியேற்ற அதே 1974இல், மில்லிகன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பள்ளி ஒருங்கிணைப்பில் புறநகர்களைச் சேர்க்க இயலாது என்று தீர்ப்பளித்தது. நகர எல்லையே சுவராயிற்று. யங் காவல்துறையில் கறுப்பினத்தவரைச் சேர்த்தார். மக்கள் அஞ்சிய ‘ஸ்ட்ரெஸ்’ என்ற காவல் பிரிவைக் கலைத்தார். அதிகாரத்தால் செய்யமுடிந்தவை இவை. ஆலையைத் தக்கவைக்க 1981இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸுக்காகப் போல்டவுன் பகுதியைக் கையகப்படுத்தி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தினார். தொழிற்சங்கப் போராளியான மேயர் ஒரு நிறுவனத்துக்காகக் குடியிருப்புகளை இடிக்க நேர்ந்ததே அந்நகரத்தின் பேரம்பேசும் வலிமை எவ்வளவு என்பதற்குப் போதிய சான்று.

தலைநகர் வாஷிங்டனைப் பற்றி ஒரு சொல். அங்கே ஆலைக்குப் பதில் அரசுச் சம்பளம் இருந்தது, அது இடம்பெயராது. அச்சம்பளத்தில் எழுந்த நடுத்தர வர்க்கம் பின்னர் அருகிலுள்ள பிரின்ஸ் ஜார்ஜ் மாவட்டத்துக்குப் பெயர்ந்து, கறுப்பினப் பெரும்பான்மை மாவட்டங்களில் மிக வளமானவற்றுள் ஒன்றாக அதை ஆக்கியது. 2008இன் கடன் நெருக்கடியில் மேரிலாந்து மாநிலத்திலேயே அதிக வீடுகள் பறிபோனதும் அங்கேதான்.

அட்லாண்டாவுக்கு வாக்கும் இல்லை, ஆலைக்கூலியும் இல்லை. 1906இல் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைத் தெருக்களில் கொன்ற நகரம் அது. ஒடுக்குமுறையின் நிழலில் அங்கு எழுந்தவை கல்லூரிகளும் காப்பீடும். உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அட்லாண்டா பல்கலைக்கழகம், மோர்ஹவுஸ், கிளார்க், 1881இல் ஸ்பெல்மன், மாரிஸ் பிரௌன் என ஒரே நகரத்தில் கறுப்பினத்தவருக்கான உயர்கல்வி நிலையங்கள் குவிந்தன. டு பாய்ஸ் 1897 முதல் 1910 வரை அங்கே கற்பித்தார். அடிமையாகப் பிறந்த அலான்சோ ஹெர்ண்டன் வெள்ளையருக்கு மட்டுமான முடிதிருத்தகம் நடத்திப் பொருளீட்டி, 1905இல் சிறு காப்பீட்டுச் சங்கங்களை வாங்கி இணைத்தார். அதுவே அட்லாண்டா லைஃப் ஆனது. 1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி வந்தது. பிங்காவின் வங்கி வீழ்ந்த மந்தத்தில் இது பிழைத்தது. ஆபர்ன் சாலையில் வங்கி, காப்பீடு, தேவாலயம், நாளிதழ் யாவும் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தன.

1946இல் வெள்ளையருக்கு மட்டுமான முதல்நிலைத் தேர்தல் ஜார்ஜியாவில் வீழ்ந்ததும், ஜாக்சனின் தாய்வழிப் பாட்டனார் ஜான் வெஸ்லி டாப்ஸும் தோழர்களும் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோரை வாக்காளராகப் பதிவு செய்தனர். இரண்டாண்டில் எட்டுக் கறுப்பினக் காவலர் நியமிக்கப்பட்டனர். வெள்ளையரைக் கைதுசெய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. காவல் நிலையத்தில் இடமும் இல்லை.

பேரன் மேயரானபோது நகரம் ஒரு மாபெரும் விமான நிலையம் கட்டவிருந்தது. மதிப்பு ஏறக்குறைய 500 மில்லியன் டாலர். ஒப்பந்தங்களில் கால்பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு, வேண்டுமெனில் கூட்டுமுயற்சியாக, என்று ஜாக்சன் விதித்தார். வணிகத் தலைவர்கள் எதிர்த்தனர். அவர் பணியைத் தாமதப்படுத்தத் தயங்கவில்லை. ஒப்பந்தம் எடுக்கத் தகுதியுள்ளோர் இல்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. கட்டுமானத்துக்கு ஹெர்மன் ரசலின் நிறுவனம் இருந்தது. உணவகத்துக்கு 1947 முதல் நடந்துவந்த பாஸ்கல் சகோதரர்கள் இருந்தனர். 1973இல் நகர ஒப்பந்தங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த சிறுபான்மையினர் பங்கு ஐந்தாண்டுகளில் 39 விழுக்காட்டை நெருங்கியது. விமான நிலையம் 1980இல் திறக்கப்பட்டது. யங்கிடம் இடிக்க ஒரு குடியிருப்பு இருந்தது. ஜாக்சனிடம் கட்ட ஒரு விமான நிலையம் இருந்தது.

ஆனால் இந்த வளம் எவருடையது? 1977இல் பெரும்பாலும் கறுப்பினத்தவரான துப்புரவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1970இல் துணைமேயராக இருந்தபோது இதே தொழிலாளர் பக்கம் நின்ற ஜாக்சன், இம்முறை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை அந்நடவடிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார். மகன் கொல்லப்பட்டது மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளரின் போராட்டத்துக்குத் துணைநிற்கச் சென்ற இடத்தில். 2014இல் ராஜ் செட்டியும் சகஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கில், அட்லாண்டா வட்டாரத்தில் வருமானத்தின் கடைசி ஐந்திலொரு பகுதியில் பிறந்த நூறு குழந்தைகளுள் உச்சி ஐந்திலொரு பகுதியை எட்டியவர் ஐந்துக்கும் குறைவு. சான் ஹோசேயில் ஏறக்குறைய பதின்மூன்று. எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கு இது. எனினும் ‘கறுப்பினத் தலைநகர்’ என்ற புகழ்ப்பெயரை அருகில் வைத்துப் படிக்கையில் உறுத்துகிறது.

2010 கணக்கெடுப்பில், கறுப்பின மக்கள்தொகையில் சிகாகோ வட்டாரத்தை அட்லாண்டா வட்டாரம் முந்தியது. 1920களில் வடக்கே சென்றோரின் பேரப்பிள்ளைகள் பலர் தெற்கே திரும்பியிருக்கின்றனர். அவர்கள் வந்துசேர்வது பெரும்பாலும் புறநகர் மாவட்டங்களுக்கு. நகர எல்லைக்குள் கறுப்பினத்தவர் 2020இல் பாதிக்கும் கீழே சென்றுவிட்டனர். ஜாக்சனின் பெயரையும் தாங்கிநிற்கும் அந்த விமான நிலையத்தின் பெரும்பகுதி நகரத்துக்குள் அல்ல, தெற்கே கிளேட்டன் மாவட்டத்தில் இருக்கிறது. 1971இல், பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த காலத்தில், அம்மாவட்டம் அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்து அமைப்பில் சேர மறுத்து வாக்களித்தது. கறுப்பினப் பெரும்பான்மை மாவட்டமான பின், பணமில்லை என்று 2010 மார்ச்சில் தன் சொந்தப் பேருந்துச் சேவையையும் நிறுத்தியது. விமான நிலையத்தில் மூட்டை சுமப்போரும் உணவகங்களில் பரிமாறுவோரும் உள்ளூரிலிருந்தே வேலைக்கு வரப் பேருந்து இல்லாமல் ஐந்தாண்டுகள் கழிந்தன. 2014 நவம்பரில் அவர்கள் தம்மேல் தாமே ஒரு விழுக்காடு விற்பனை வரி விதித்துக்கொள்ள வாக்களித்தனர். மறுஆண்டு பேருந்துகள் ஓடத் தொடங்கின.