காலை 9 முதல் மாலை 5 வரை: ஆஸ்திரேலிய விமானிகளின் 1989ஆம் ஆண்டுப் போராட்டம்

அலுவலக ஊழியர் ஒருவர், "காலை 9 மணிக்கு வருவேன், மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடுவேன்" என்று சொன்னால் யாரும் வியப்படையமாட்டார்கள். அதையே ஒரு விமானி சொன்னால் என்ன ஆகும்? 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு விமானிகள் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த ஏழாம் நாள் அவர்களில் யாருக்கும் வேலை இல்லை. நாட்டின் ஆகாயத்தில் இராணுவ விமானங்களும் வெளிநாட்டு விமானங்களும் பயணிகளை ஏற்றிப் பறந்துகொண்டிருந்தன.

விமானிகளின் பணிநேர அட்டவணை, உள்நாட்டுத் தடங்களில் வெளிநாட்டுப் போட்டி ஆகிய இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நிகழ்வு அது. அதன் பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

இரண்டு நிறுவனங்களின் ஆகாயம்

ஆஸ்திரேலியா பரந்த நாடு. சிட்னியிலிருந்து பெர்த்துக்கு வான்வழியே 3,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே விமானம் ஆடம்பரமன்று. பேருந்தைப் போல அன்றாடத் தேவை. ஆனால் அந்தத் தேவையை நிறைவேற்றும் உரிமை, பெரிய நகரங்களுக்கிடையில் 1950களிலிருந்தே இரண்டு நிறுவனங்களிடம் மட்டுமே இருந்தது. ஒன்று, தனியார் நிறுவனமான அன்செட். மற்றொன்று, அரசாங்கத்துக்குச் சொந்தமான டிரான்ஸ் ஆஸ்திரேலியா ஏர்லைன்ஸ். இது பின்னர் ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றம் கண்டது. 'இரு விமான நிறுவனக் கொள்கை' என்று அதற்குப் பெயர். கட்டணம், விமானங்களின் எண்ணிக்கை எல்லாமே கட்டுப்பாட்டில் இருந்தன. குவாண்டாஸ் வெளிநாட்டுத் தடங்களை மட்டும் கவனித்துக்கொண்டது.

போட்டி இல்லாத இடத்தில் செலவைப் பற்றிய கவலையும் குறைவு. விமானிகளின் ஊதியமும் பணி நிபந்தனைகளும் அந்த நிழலில்தான் வளர்ந்தன. 1987ஆம் ஆண்டு அரசாங்கம், மூன்று ஆண்டுகளில் இந்தக் கொள்கைக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தது. அதாவது, 1990க்குப் பிறகு யார் வேண்டுமானாலும் போட்டிக்கு வரலாம். நிறுவனங்கள் செலவைக் குறைக்கும் வழிகளைத் தேடத் தொடங்கின. விமானிகளோ, ஊதியம் பல ஆண்டுகளாக விலைவாசிக்குப் பின்தங்கிவிட்டதாக எண்ணினார்கள். மோதலுக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

29.47 விழுக்காடு

அப்போதைய பிரதமர் பாப் ஹாக். அவர் சாதாரண அரசியல்வாதி அல்லர். பிரதமராவதற்கு முன்பு ஆஸ்திரேலியத் தொழிற்சங்க மன்றத்தின் தலைவராக இருந்தவர். 1983ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்தபோது தொழிற்சங்கங்களுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். சங்கங்கள் பெரிய ஊதிய உயர்வு கேட்கமாட்டா. அதற்குப் பதிலாக அரசாங்கம் மருத்துவக் காப்புறுதி, வரிச் சலுகை போன்ற நன்மைகளைத் தரும். நாட்டின் பணவீக்கத்தைக் கட்டுக்குள் கொண்டுவர அது உதவியது.

விமானிகளின் சங்கமான ஆஸ்திரேலிய விமானிகள் கூட்டமைப்பு 29.47 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டது. ஒரு சங்கத்துக்கு அதைக் கொடுத்தால் மற்ற சங்கங்கள் சும்மா இருக்குமா? ஆறு ஆண்டுகளாகக் கட்டிக்காத்த உடன்பாடு சரிந்துவிடும் என்று ஹாக் கருதினார். தொழிற்சங்க மன்றமும் விமானிகளின் கோரிக்கையை ஆதரிக்கவில்லை. மற்ற தொழிலாளர்கள் சில விழுக்காட்டுக்கே காத்திருக்கும்போது, நல்ல ஊதியம் வாங்கும் விமானிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கேட்பதைப் பொதுமக்களாலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால் விமானிகளின் தரப்பில் ஒரு வாதம் இருந்தது. "எல்லா ஊழியர்களையும் போலத்தான் உங்களையும் நடத்துவோம் என்கிறீர்கள். அப்படியானால் எல்லா ஊழியர்களுக்கும் உள்ள வேலைநேரத்தை எங்களுக்கும் கொடுங்கள்" என்பதே அந்த வாதத்தின் சாரம். அதிலிருந்து பிறந்ததுதான் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே பறப்போம் என்ற முடிவு.

அட்டவணைக்குள் இருக்கும் வாழ்க்கை

இது வெறும் அடம் என்று தோன்றலாம். விமானியின் பணிநேர அட்டவணையைப் புரிந்துகொண்டால்தான் அந்த வாதத்தின் அர்த்தம் விளங்கும்.

பயணி காண்பது ஒன்றரை மணிநேரப் பறப்பை. ஆனால் விமானி அதற்கு முன்பே வந்து வானிலை அறிக்கையைப் படித்து, எரிபொருளைக் கணக்கிட்டு, விமானத்தைச் சோதித்திருப்பார். இறங்கிய பிறகும் வேலை உண்டு. ஒரே நாளில் மூன்று, நான்கு முறை ஏறி இறங்கும் உள்நாட்டு விமானிக்குப் பறக்கும் நேரம் குறைவாகத் தெரிந்தாலும் பணியில் இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். அதிகாலை 4 மணிக்கு எழவேண்டிய நாள் உண்டு; நள்ளிரவில் வெளியூர் விடுதி அறைக்குள் நுழையும் நாளும் உண்டு. அழைப்பு வருமா வராதா என்று தொலைபேசி அருகிலேயே காத்திருக்கும் நாளும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் அப்போது ஒரு விமானி ஆண்டுக்கு 900 மணிநேரத்துக்குமேல் பறக்கக்கூடாது என்ற விதி இருந்தது. கேட்பவருக்கு, "ஆண்டுக்கு 900 மணிநேரம்தானா?" என்று தோன்றும். சாதாரண ஊழியர் ஆண்டுக்கு 1,800 மணிநேரத்துக்குமேல் வேலை செய்கிறாரே! நிறுவனங்களும் அரசாங்கமும் இந்த ஒப்பீட்டைத்தான் மக்கள் முன் வைத்தன. பறக்கும் நேரத்தையும் பணிநேரத்தையும் ஒன்றாகக் காட்டியபோது விமானிகள் சோம்பேறிகளாகத் தெரிந்தார்கள். களைப்பு என்பது மணிக்கணக்கில் மட்டும் அடங்குவதன்று, அது எந்த நேரத்தில் விழித்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது என்பதை விளக்கிச் சொல்ல விமானிகளின் சங்கத்தால் இயலவில்லை. 29.47 என்ற எண் மற்ற எல்லாப் பேச்சையும் விழுங்கிவிட்டது.

ஆகாயம் திறந்தது

பணிநேரக் கட்டுப்பாடு தொடங்கியதும் விமானச் சேவை நிலைகுலைந்தது. நிறுவனங்கள் விமானிகள்மீது தனித்தனியாக வழக்குத் தொடர முனைந்தன. சங்கம்மீது வழக்கு வேறு, வீட்டு வாசலுக்கு வரும் வழக்கு வேறு. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத் தலைவருக்கு அது பெரிய அச்சுறுத்தல். அந்த வழக்குகளிலிருந்து தப்பிக்க ஆகஸ்ட் 24ஆம் தேதி 1,600க்கும் மேற்பட்ட விமானிகள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினார்கள். தாங்கள் இல்லாமல் விமானங்கள் பறக்கமுடியாது, சில நாள்களில் நிறுவனங்களே அழைக்கும் என்று நம்பினார்கள்.

அங்கேதான் கணக்குத் தவறியது.

ஹாக் அரசாங்கம் ஆகாயப் படையை இறக்கியது. சி-130 ஹெர்குலிஸ் ரகச் சரக்கு விமானங்களிலும் போயிங் 707 விமானங்களிலும் பொதுமக்கள் பயணம் செய்தார்கள். இராணுவ வீரர்கள் அமரும் வலைப்பின்னல் இருக்கைகளில் வர்த்தகர்களும் பாட்டிமார்களும் அமர்ந்து சென்றார்கள். வெளிநாடுகளிலிருந்து விமானங்கள் விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கப்பட்டன. இவற்றோடு இன்னொரு கதவும் திறந்தது. அதுவே அனைத்துலகச் சட்டத்தின் பார்வையில் முக்கியமானது.

1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி சிக்காகோவில் கையெழுத்தான அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, ஒரு நாட்டின் இரண்டு ஊர்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்ல வெளிநாட்டு விமானங்களுக்கு அனுமதி மறுக்கும் உரிமையை அந்நாட்டுக்குத் தருகிறது. ஆங்கிலத்தில் 'கபோட்டாஜ்' என்று இதைக் குறிப்பிடுவார்கள். மலேசியர்களுக்குக் கப்பல் துறையில் இந்தச் சொல் பழக்கமானது. தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் இடையே சரக்கு ஏற்றும் உரிமை 1980 முதல் உள்நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டில்தான் அது தளர்த்தப்பட்டது.

வழக்கமாக, வெளிநாட்டு விமானம் ஒன்று சிட்னியில் இறங்கி மெல்பர்னுக்குத் தொடர்ந்து சென்றால், காலியாக இருக்கும் இருக்கைகளைச் சிட்னிவாசிகளுக்கு விற்கமுடியாது. 1989இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் அந்தத் தடையைத் தற்காலிகமாக விலக்கியது. வெளிநாட்டு நிறுவனங்களும் குவாண்டாஸும் உள்நாட்டுப் பயணிகளை ஏற்றின. விமானிகள் தங்களுக்கு அரணாக நினைத்திருந்த சுவரில், அரசாங்கமே ஒரே நாளில் வாசல் வைத்துவிட்டது.

யார் யாருக்கு இழப்பு?

இழப்பு எல்லாருக்கும்தான். கெய்ன்ஸ், கோல்ட் கோஸ்ட், தாஸ்மேனியா போன்ற சுற்றுலா இடங்களில் தங்குவிடுதிகள் காலியாகின. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கும் உணவகப் பணியாளர்களுக்கும் வேலை போனது. அவர்களுக்கு 29.47 விழுக்காட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம், விமான நிறுவனங்களுக்கு 6 மில்லியன் வெள்ளிக்கும் மேற்பட்ட இழப்பீட்டைச் சங்கம் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1990ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில் ஹாக் மீண்டும் வென்றார். போராட்டம் ஓய்ந்தது.

விலகிய விமானிகளில் பலர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. ஆசியா, ஐரோப்பா என்று வெளிநாடுகளுக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள். வேலைக்குத் திரும்பியவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் இடையே ஏற்பட்ட பிளவு பல ஆண்டுகள் நீடித்தது. ஒரே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. நிறுவனங்களோ தனித்தனி ஒப்பந்தங்களின்கீழ் குறைந்த எண்ணிக்கையிலான விமானிகளைக் கொண்டு அதிக மணிநேரம் பறக்கத் தொடங்கின. அட்டவணையை எளிதாக்கக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது அதைவிடக் கடினமான அட்டவணை.

பிறகு வந்த போட்டி

1990ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இரு விமான நிறுவனக் கொள்கை முடிவுக்கு வந்தது. டிசம்பரில் பறக்கத் தொடங்கிய கம்பாஸ் ஏர்லைன்ஸ், ஓராண்டுகூட முழுமையாக ஓடிய மகிழ்ச்சி மறையுமுன், 1991 டிசம்பரில் முடங்கியது. 1999இல் ஆஸ்திரேலியா இன்னொரு படி சென்றது. உள்நாட்டு விமான நிறுவனத்தை வெளிநாட்டவர் முழுமையாகச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. 2000 ஆகஸ்டில் வெர்ஜின் புளூ வந்தது. 2001 செப்டம்பரில் அன்செட் நொடித்துப்போனது. சிங்கப்பூரின் டைகர் ஏர்வேஸ் 2007 நவம்பரில் ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தடங்களில் இறங்கியது. 2011 ஜூலையில் பாதுகாப்புக் காரணங்களுக்காக அதிகாரிகள் அதன் சேவையைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். பின்னர் அது வெர்ஜினின் கைக்குப் போய், 2020இல் அந்தப் பெயரே மறைந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். வெளிநாட்டு முதலீடு வேறு; வெளிநாட்டு விமானம் வேறு. வெளிநாட்டுப் பணத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்படும் நிறுவனம் அந்நாட்டு உரிமம் பெற்று, அந்நாட்டுச் சட்டப்படிதான் விமானிகளை நியமிக்கவேண்டும். வெளிநாட்டு விமானமே உள்நாட்டுத் தடத்தில் பறந்தால், சொந்த நாட்டு ஊதியமும் ஓய்வு விதிகளும் அதோடு கூடவே பறந்து வரும். விமானிகள் அஞ்சுவது இரண்டாவதைத்தான். 2015ஆம் ஆண்டு வாக்கில் வட ஆஸ்திரேலியத் தடங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் யோசனை எழுந்தபோது குவாண்டாஸும் விமானிகள் தரப்பும் ஒரே குரலில் எதிர்த்தன. 1989இல் எதிரெதிராக நின்ற முதலாளி, தொழிலாளி என்ற இரு தரப்பும் இந்த ஒரு கேள்வியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை.

நமக்கு என்ன?

சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானத் தடமே கிடையாது. தொடக்கம் முதலே அதன் விமானிகள் உலகப் போட்டிக்கு நடுவில்தான் பறந்து வந்திருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் விதிப்படி மட்டும் வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கியபோது, பிரதமர் லீ குவான் இயூ நேரடியாகத் தலையிட்டார். பழைய சங்கம் பதிவை இழந்தது. புதிய சங்கம் பிறந்தது. சின்ன நாடு, பெரிய நாடு என்ற வேறுபாடின்றி, விமானிகளோடு மோதும்போது அரசாங்கங்கள் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் சான்று.

அதற்காக விமானிகளின் களைப்பு பொய்யாகிவிடாது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். விமானிகளின் தவறே விபத்துக்குக் காரணம் என்று முடிவானாலும், அவர்களின் களைப்பு பற்றிய கேள்விகள் எழுந்தன. அதன் விளைவாக அமெரிக்காவின் ஓய்வு விதிகள் 2014இல் மாற்றி அமைக்கப்பட்டன. 2025 டிசம்பரில் இந்தியாவில், விமானிகளுக்கு வாரத்துக்கு 48 மணிநேர ஓய்வு தரும் புதிய விதிக்கு இண்டிகோ நிறுவனம் போதிய அளவில் தயாராகாததால் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தாயின. பயணிகள் விமான நிலையங்களில் பெட்டிகளோடு தரையில் படுத்துக் கிடந்த காட்சியைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

ஆஸ்திரேலிய விமானிகள் 1989இல் கேட்டது முழுக்கத் தவறும் அன்று. கேட்ட விதம் சரியும் அன்று. ஓய்வு என்ற நியாயமான கேள்வியை ஊதியம் என்ற பெரிய எண்ணோடு சேர்த்துக் கட்டியதால் இரண்டையுமே இழந்தார்கள். அரசாங்கமோ போராட்டத்தில் வென்றது. ஆனால் ஓய்வு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நாடு நாடாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது.

மலிவான பயணச்சீட்டு கிடைத்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? அந்த விலை எங்கிருந்து குறைந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நல்ல நிர்வாகத்தால் குறைந்திருந்தால் அனைவருக்கும் இலாபம். விமானியின் தூக்கத்திலிருந்து குறைந்திருந்தால், அதற்கான செலவைக் கடைசியில் கட்டப்போவது பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிதான்.