இரண்டு நவம்பர்களுக்கு நடுவே

உலகத் திரைப்பட வரலாறு – 21

யாசுஜிரோ ஓஸு இயக்கிய 'டோக்கியோ கதை' 1953 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது. சரியாக ஓராண்டு கழித்து, 1954 நவம்பர் 3 அன்று, இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஜில்லா' திரைக்கு வந்தது. முதலாவது, தலைநகரில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்ற வயதான பெற்றோர் மனம் வெறுமையாகி ஊர் திரும்பும் கதை. இரண்டாவது, கடலுக்கடியிலிருந்து எழுந்து வரும் பெருவிலங்கு ஒன்று அதே தலைநகரை மிதித்து எரிக்கும் கதை. இவற்றுக்கு இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் கெஞ்சி மிசோகுச்சியின் 'சான்ஷோ' மார்ச் 31 அன்றும், அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்கள்' ஏப்ரல் 26 அன்றும், கெய்சுகே கினோஷிதாவின் 'இருபத்து நான்கு கண்கள்' செப்டம்பர் 15 அன்றும் வெளியாயின. ஒரு நாட்டின் திரைக்கலை ஒரே ஆண்டில் இத்தனை உயரங்களை எட்டியதற்கு உலகத் திரைவரலாற்றில் ஒப்புமை காண்பது அரிது. குடும்பப் படம், சரித்திரப் படம், வாட்போர்ப் படம், பள்ளிக்கூடப் படம், அரக்கவிலங்குப் படம் என்று திறனாய்வாளர்கள் தனித்தனி அடுக்குகளில் வைக்கும் இந்த ஐந்தும், உற்று நோக்கினால், எட்டாண்டுகளுக்கு முன் முடிந்த போரில் இறந்தவர்களைப் பற்றியே ஐந்து குரல்களில் பேசுகின்றன.

வகை பிரித்தல் ஜப்பானியத் திரைத்துறையின் தொடக்கக் காலத்திலேயே வேரூன்றிய வழக்கம். 1868இல் மெய்ஜி ஆட்சி ஏற்படுவதற்கு முந்தைய காலத்தைக் களமாகக் கொண்ட படங்கள் 'ஜிதாய்கெகி' எனவும், சமகால வாழ்வைச் சொல்பவை 'கெந்தாய்கெகி' எனவும் அழைக்கப்பட்டன. பின்னதன் ஒரு கிளையாக, சிறு சம்பளக்காரர்களும் சிறு வணிகர்களும் நடத்தும் எளிய குடும்ப வாழ்வைக் காட்டும் 'ஷோமின்கெகி' வளர்ந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கம் டோக்கியோவின் படப்பிடிப்பு நிலையங்களை நொறுக்கியபின், பழைய கோயில்களும் அரண்மனைகளும் நிறைந்த கியோட்டோ சரித்திரப் படங்களின் இருப்பிடமாகவும், டோக்கியோ சமகாலப் படங்களின் இருப்பிடமாகவும் நிலைபெற்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனி முத்திரை உண்டாயிற்று: ஷோச்சிக்கு நிறுவனம் குடும்பக் கதைகளுக்குப் பெயர்பெற்றது; மேலே சொன்ன ஐந்தில் ஓஸுவின் படத்தையும் கினோஷிதாவின் படத்தையும் அதுவே தயாரித்தது. 'சான்ஷோ' தாயேய் நிறுவனத்தின் படைப்பு. குரோசவாவின் படமும் 'காட்ஜில்லா'வும் தோஹோ நிறுவனத்தின் படைப்புகள்.

இந்த ஐந்து படங்கள் ஒரே ஆண்டில் திரண்டு வந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. 1945இல் சரணடைந்த ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம், அவ்வாண்டு நவம்பரிலேயே, திரைப்படங்களில் இடம்பெறக் கூடாத 13 பொருள்களைப் பட்டியலிட்டது. படைவெறி, பழிவாங்கல், எசமானனுக்காக உயிர்விடும் நிலப்பிரபுத்துவ விசுவாசம் ஆகியவை அதில் அடங்கியதால், வாளேந்திய வீரனைத் திரையில் காட்டுவதே பெருந்தொல்லையாயிற்று. போர் முடியும் தறுவாயில் குரோசவா எடுத்த 'புலிவாலை மிதித்தவர்கள்' 1952 வரை வெளிவரவில்லை. அணுகுண்டு விளைத்த அழிவைப் பற்றிப் பேசுவதும் தணிக்கைக்கு உள்ளாயிற்று. குடியாட்சியைக் கற்பிக்க வந்ததாகச் சொன்ன அதே நிர்வாகம், 1948 ஆகஸ்டில் தோஹோ தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முறியடிக்கக் காவலர்களுக்குத் துணையாகப் பீரங்கி வண்டிகளையும் விமானங்களையும் அனுப்பியது. 1952 ஏப்ரல் 28 அன்று ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 6 அன்று கானேத்தோ ஷிந்தோவின் 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' வெளியானது. ஏழாண்டுகள் அடக்கி வைத்திருந்த துக்கத்துக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

ஆனால் அந்தத் துக்கத்தை ஓஸு உரக்கச் சொல்லவில்லை. ஹிரோஷிமா மாவட்டத்துத் துறைமுக ஊரான ஓனோமிச்சியிலிருந்து வரும் முதியவர் ஷுகிச்சியும் அவர் மனைவி தோமியும், மருத்துவரான மூத்த மகனுக்கும் அழகுநிலையம் நடத்தும் மகளுக்கும் சுமையாகத் தோன்றுகிறார்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாத பிள்ளைகள் அவர்களை அத்தாமி என்னும் வெந்நீரூற்றுத் தலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கேயோ இரவெல்லாம் கேளிக்கைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. அவர்களை உண்மையாக உபசரிப்பவள் போரில் மாண்ட இரண்டாம் மகனின் மனைவி நோரிகோ மட்டுமே. பல விமரிசனங்கள் இப்படத்தைத் தலைமுறை இடைவெளியின் சித்திரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அது பாதி உண்மைதான். நோரிகோவின் சிற்றறையில் இறந்த கணவனின் புகைப்படம் இருக்கிறது. ஓர் இரவு அங்கே தங்கும் தோமி, இறந்த மகனின் படுக்கையில் படுப்பதையே ஒரு பேறாகச் சொல்கிறாள். அதே இரவில் ஷுகிச்சியோடு குடிக்க அமரும் பழைய நண்பர்களில் ஒருவர் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், இன்னொருவர் உயிரோடிருக்கும் மகனால் மனம் நொந்தவர். படத்தில் ஒருபோதும் தோன்றாத அந்த இறந்த மகனைச் சுற்றியே மற்றவர்களின் நடத்தை அளக்கப்படுகிறது. எட்டாண்டுகள் காத்திருந்த நோரிகோ, கணவனைச் சில நாள்கள் நினைக்காமலே இருந்துவிடுவதாக மாமனாரிடம் ஒப்புக்கொள்ளும்போது, அவர், ஊர் திரும்பியதும் மறைந்த தன் மனைவி தோமியின் கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்து மறுமணம் செய்துகொள்ளச் சொல்கிறார். காலத்தை அளக்கும் கருவியையே கொடுத்து ஒரு பெண்ணைக் கடந்த காலத்திலிருந்து விடுவிக்கும் இக்காட்சியைவிடக் கனமான காட்சியை ஓஸு வேறெங்கும் அமைக்கவில்லை.

அவருடைய காட்சிமொழி இதற்கு உறுதுணையாகிறது. தரையில் விரிக்கப்படும் 'தத்தாமி' எனும் கோரைப் பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே ஒளிப்படக் கருவி வைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் அசைவதேயில்லை. படம் முழுவதிலும் ஓரிரு முறை மட்டுமே நகரும் அக்கருவி, தங்க இடமின்றி உவேனோவில் ஒரு சுவரோரம் அமர்ந்திருக்கும் முதிய தம்பதியைத் தேடி மெல்ல நகர்கிறது. அசையாமையே இலக்கணமான படத்தில் அந்தச் சிறு நகர்வு நெஞ்சை உலுக்கும். காட்சிகளுக்கு நடுவே புகைபோக்கிகள், உலரும் துணிகள், கடந்து செல்லும் படகுகள் ஆகியவற்றின் நிலைக்காட்சிகள் வருகின்றன. கதையை நகர்த்தாத இவற்றில் பார்வையாளர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். எழுபதை எட்டிய ஷுகிச்சியாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது 49.

ஓஸுவுக்குப் போர் செவிவழிச் செய்தியன்று. சீனப் போர்முனையில் 1937 முதல் 1939 வரை சிப்பாயாக இருந்தவர் அவர். 1943இல் அவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டதன் நோக்கம் தமிழ் வாசகர்களுக்குத் தனி அக்கறை தரக்கூடியது: இந்திய விடுதலை இயக்கத்தைப் பற்றி, அதாவது மலாயாத் தோட்டங்களிலிருந்து திரண்ட தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் சார்ந்து, ஒரு பரப்புரைப் படம் எடுக்குமாறு அவர் பணிக்கப்பட்டிருந்தார். அப்படம் முழுமை பெறவில்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களை அங்கே பார்த்துக் காலம் கழித்த ஓஸு, 1946இல் நாடு திரும்பியபின் போர்க்களத்தைத் திரையில் காட்டவேயில்லை.

மிசோகுச்சி வேறு திசையில் சென்றார். மோரி ஓகாய் 1915இல் எழுதிய கதையை அடியொற்றிய 'சான்ஷோ', பதினோராம் நூற்றாண்டில் அடிமைகளாக விற்கப்பட்ட அண்ணனையும் தங்கையையும் பற்றியது. அண்ணன் தப்பிப்பதற்காகத் தங்கை ஏரிக்குள் நடந்து மறைகிறாள். கசுவோ மியாகாவாவின் ஒளிப்பதிவில் அவள் மறைந்தபின் நீர்ப்பரப்பில் விரியும் வளையங்கள் மட்டும் தெரிகின்றன. ஆளுநராகும் அண்ணன் தன் அதிகாரத்தின் எல்லையை மீறி அடிமைமுறையை ஒழிக்கிறான். பதவியைத் துறந்து தாயைத் தேடிப் போகிறான். ஒரு பேரரசின் பெயரால் மனிதர்கள் வேலைமுகாம்களில் அடைக்கப்பட்டதை அண்மையில் கண்ட தலைமுறைக்கு இது பழங்கதையாகத் தோன்றியிருக்க வழியில்லை.

'ஏழு சாமுராய்கள்' 207 நிமிடங்கள் ஓடும் படம். உள்நாட்டுப் போர்கள் ஓயாத பதினாறாம் நூற்றாண்டில், அறுவடையைக் கொள்ளையர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு கிராமம் எசமானனற்ற ஏழு வீரர்களைச் சோற்றுக்காக வேலைக்கு அமர்த்துகிறது. பல கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கியும், தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் நீள்குவிய வில்லைகளைக் கொண்டும் குரோசவா படமாக்கிய கொட்டும் மழைப் போர், பின்வந்த சண்டைப் படங்களுக்கெல்லாம் பாடநூலாயிற்று. 1960இல் அமெரிக்காவில் இக்கதை 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' ஆனது. அமெரிக்கப் படம் எடுத்துக்கொண்டது கதையின் எலும்புக்கூட்டை மட்டுமே. விவசாயிகள் கபடமும் கஞ்சத்தனமும் நிறைந்தவர்கள் என்று வைதுவிட்டு, அவர்களை அப்படி ஆக்கியவர்கள் ஊர்களை எரித்துச் சூறையாடிய வீரர்களாகிய நீங்கள்தாமே என்று கிக்குச்சியோ பாத்திரத்தில் தொஷிரோ மிஃபுனே கதறும் காட்சியில், தோற்ற நாட்டின் படைவீரர்கள்மேல் மக்கள் கொண்டிருந்த கோபம் வரலாற்று உடையில் வெளிப்படுகிறது. ஏழு பேரில் மாளும் நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே இரையாகிறார்கள், ஒருவர்கூட வாளால் மடியவில்லை. இறுதியில் நான்கு புதைமேடுகளை நோக்கி நிற்கும் தலைவன் காம்பே, வென்றவர்கள் விவசாயிகளே, தாங்கள் அல்லர் என்கிறான். வீரத்தைப் புகழும் படமாக இதை வாசிப்பது தவறான வாசிப்பு.

அந்த ஏப்ரலிலேயே, குரோசவாவின் படம் வெளியாவதற்குச் சில நாள்கள் முன்பு, சென்னையில் எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' திரைக்கு வந்ததைத் தமிழ்த் திரைவரலாறு நன்கறியும். 1951இல் வெனிஸ் விழாவில் உயரிய பரிசு பெற்ற குரோசவாவின் 'ரஷோமான்' தந்த தூண்டுதலால், ஒரு கொலையைப் பலர் பலவாறு சொல்லும் அமைப்பில் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த பாடலே இல்லாத அப்படத்தின் பின்புலம், 1943இல் சென்னைமீது ஜப்பான் வீசிய குண்டுகள்.

ஜப்பானியத் திறனாய்வாளர்களிடம் அவ்வாண்டு முதலிடம் பெற்றது குரோசவாவின் படம் அன்று. 'கினேமா ஜும்போ' இதழின் 1954ஆம் ஆண்டுத் தரவரிசையில் 'இருபத்து நான்கு கண்கள்' முதலிடத்திலும் 'ஏழு சாமுராய்கள்' மூன்றாம் இடத்திலும் நின்றன. ஷோதோஷிமா தீவில் 1928இல் ஓர் இளம் ஆசிரியையிடம் படிக்க வரும் பன்னிரண்டு குழந்தைகள் வளர்ந்து, பெண்கள் வறுமையாலும் ஆண்கள் போராலும் சிதைவதை அது தொடர்கிறது. போரில் பார்வையிழந்து திரும்பிய மாணவன் பழைய வகுப்புப் புகைப்படத்தை விரலால் தடவி, நண்பர்கள் ஒவ்வொருவரும் நின்ற இடத்தைத் தவறாமல் காட்டுகிறான். இப்படம் கண்ணீரை வலிந்து வரவழைக்கிறது என்ற குறை சொல்லப்படுவதுண்டு. அந்தக் குறையில் உண்மை உண்டு, ஆயினும் ஒரு நாடு சேர்ந்து அழுத இடம் என்ற மதிப்பை அது குறைக்கவில்லை.

'காட்ஜில்லா'வின் பிறப்புக்கு உடனடிக் காரணம் ஒரு மீன்பிடிப் படகு. 1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே இருந்த 'ஐந்தாம் நல்லூழ் நாகம்' என்னும் பொருள்படும் பெயருடைய சூரைமீன் படகின்மேல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர், வானொலித் தந்தி இயக்கியவர் செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஆறு வாரங்களுக்குள் வெளியான படம், கடலில் கண்ணைப் பறிக்கும் ஒளி ஒன்று பாய்ந்து ஒரு கப்பல் எரிவதோடு தொடங்குகிறது. சீனப் போர்முனையிலிருந்து 1946இல் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர் ஹோண்டா. ஆகவே விலங்கு கடந்து சென்றபின் வரும் காட்சிகளை அவர் செய்திப்படம்போல அமைத்தார்: மருத்துவமனைத் தரையில் நெருக்கிக் கிடத்தப்பட்ட உடல்கள், கதிரியக்கத்தை அளக்கும் கருவி ஒரு குழந்தையின் அருகே கொள்ளும் துடிப்பு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்று பிள்ளைகளை அணைத்துக்கொள்ளும் தாய். சிறப்புக்காட்சிகளை உருவாக்கும் 'தோக்குசாட்சு' எனும் கலையில் தேர்ந்த எய்ஜி த்சுபுராயா, மனிதர் ஒருவரைக் கனத்த உடுப்புக்குள் புகுத்திச் சிறு மாதிரி நகரத்தில் நடக்கவைத்து, கருவியை விரைவாக ஓட்டிப் படமெடுத்ததால், திரையில் அந்த நடை மலை நகர்வதுபோல் மெதுவாகிறது. ஏழு சாமுராய்களின் தலைவனாக நடித்த தகாஷி ஷிமுராதான் இங்கும், அணுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஜில்லா எங்கேனும் தோன்றும் என்று கடைசியில் எச்சரிக்கும் முதிய விஞ்ஞானி.

இப்படம் மக்களின் துயரத்தைக் காசாக்குகிறது என்று அக்காலத் திறனாய்வாளர் சிலர் கடிந்தனர். அத்தீர்ப்பு நிலைக்கத்தக்கதன்று. 1956இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட வடிவத்தில் அணுகுண்டு பற்றிய பேச்சுகளுள் பெரும்பகுதி நீக்கப்பட்டு, ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் நுழைக்கப்பட்டது. உலகம் நெடுங்காலம் பார்த்தது அந்த வடிவத்தையே. மிகையான ஜப்பானியத்தன்மை உடையது என்று கருதப்பட்ட 'டோக்கியோ கதை'யோ 1972 வரை அமெரிக்கத் திரையரங்குகளை எட்டவில்லை. ஒன்றைப் பொழுதுபோக்காகவும் மற்றொன்றைக் கலையாகவும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இவ்வாறு வந்த வழிகளில் வளர்ந்ததே. வாசகர்கள் இவ்விரு படங்களையும் அவற்றின் மூல வடிவில், வெளியான வரிசையிலேயே, அடுத்தடுத்த இரவுகளில் பார்க்க வேண்டும்.

பயனற்றதென்று 1967இல் டோக்கியோவின் யுமெனோஷிமா குப்பைமேட்டருகே கைவிடப்பட்ட அந்தச் சூரைமீன் படகை, பொதுமக்கள் இயக்கம் ஒன்று மீட்டது. 1976 முதல் அது அதே இடத்தில், தனக்கென எழுப்பிய காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது.