கான்கிரீட் தளமும் தண்ணீர்க் கணக்கும்

வீட்டு முற்றத்தில் கான்கிரீட் தளம் போடுகிறோம். ஓராண்டுகூட ஆவதில்லை, குறுக்கே வெடிப்பு ஓடுகிறது, மேற்பரப்பு மாவாக உதிர்கிறது. உடனே "சிமெண்ட் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பல இடங்களில் குற்றம் சிமெண்டினுடையது அன்று. தண்ணீரைக் கையாண்ட முறையினுடையது. நீரில் இறுகும் பொருள் எது? தளத்தை எப்படிப் பிரித்துப் போடுவது? கலவைக்கு எவ்வளவு நீர் ஊற்றுவது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்க ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கடல் நடுவே ஒரு சோதனை

இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகத்திற்கு அப்பால், கடலில் எடிஸ்டோன் என்னும் பாறைத் தொடர் உள்ளது. அங்கிருந்த கலங்கரை விளக்கம் 1755 இல் எரிந்துபோயிற்று. புதியதைக் கட்டும் பொறுப்பு ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரிடம் வந்தது. சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியே இறுகும். அலைகள் ஓயாமல் மோதும் இடத்திற்கு அது உதவாது. எனவே 1756 இல் ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களைச் சுட்டுச் சோதித்தார். அமிலத்தில் கரைத்தபோது எந்தக் கல் களிமண்ணை எச்சமாக விட்டதோ, அதன் சுண்ணாம்பே நீருக்கடியில் நன்கு இறுகியது. 1759 இல் விளக்கம் கட்டி முடிந்தது.

பின்னர் 1824 இல் லீட்ஸ் நகரக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் கலந்து சுட்ட பொடிக்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் போர்ட்லாந்துக் கல்லைப் போல் தோன்றியதால் "போர்ட்லாந்து சிமெண்ட்" என்று பெயரிட்டார்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் கொள்ளுங்கள். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. காய்ந்துவிட்டால் அவ்வினை நின்றுவிடும்.

ஐந்தாண்டு உத்தரவாதம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பெல்பான்டெய்ன் என்பது ஒரு சிற்றூர். 1891 இல் ஜார்ஜ் பார்த்தலோமியு என்பவர் அவ்வூர்த் தெருவின் ஓரத்தில் 8 அடி அகலத்திற்குக் கான்கிரீட் போட்டுக் காட்டினார். 1893 இல் நீதிமன்றத்தை ஒட்டிய தெரு முழுவதும் கான்கிரீட் ஆயிற்று. ஊரார் எளிதில் நம்பவில்லை. தளம் ஐந்தாண்டு நிலைக்கும் என்று கூறி, 5,000 டாலருக்குப் பிணை எழுதிக் கொடுத்தார் அவர். ஐந்தாண்டு என்ன, நூறாண்டு கடந்தும் அத்தளத்தின் பகுதிகள் நிலைத்துள்ளன!

அவர் தளத்தை ஒரே பாளமாக விடாமல், 5 அடிச் சதுரங்களாகப் பிரித்தார். இதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மாறும். 10 மீட்டர் தளத்தில் 30 டிகிரி மாற்றத்திற்கு இது 3 மில்லிமீட்டர். ஈரம் வற்றும்போதும் தளம் சுருங்கும். சுருங்க முயலும் தளத்தைக் கீழுள்ள தரை பிடித்து இழுக்கிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்கும் வலிமையோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இணைப்பு இடைவெளி விடாவிட்டால், தளம் தானே ஒன்றை வெடிப்பாக உண்டாக்கிக்கொள்ளும்.

ஏப்ராம்ஸ் கண்ட விதி

மூன்றாம் கேள்விக்கு 1918 இல் சிகாகோவில் டஃப் ஏப்ராம்ஸ் விடை தந்தார். ஆயிரக்கணக்கான மாதிரிகளை நொறுக்கிப் பார்த்து அவர் கண்ட விதி இது: கலவை கையாளத் தக்கதாக இருக்கும்வரை, சிமெண்டுக்கு நீர் எந்த விகிதத்தில் உள்ளதோ அதுவே வலிமையைத் தீர்மானிக்கிறது. நீர் ஏற ஏற வலிமை குறையும்.

50 கிலோ மூட்டை ஒன்றின் வேதிவினைக்கு ஏறத்தாழ 12 லிட்டர் நீர் வேண்டும். கலவையைக் கையாளும் வசதிக்காக 22 முதல் 25 லிட்டர் வரை ஊற்றுகிறோம். எஞ்சும் நீர் ஆவியாகி, நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வேலை எளிதாகட்டும் என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினால் துளைகள் பெருகும். அவற்றின் வழியே மழைநீரும் கரியமில வாயுவும் புகும். உள்ளே கம்பியைக் காத்துவந்த காரத்தன்மை குறையும்; கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்பதால் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழுகிறது. கீழே படுத்திருப்பவர் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் செய்ய வேண்டியவை

கலக்கும்போது நீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். தளம் இறுகியதும் பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள்: சாதாரண போர்ட்லாந்து சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல், கசடு கலந்த சிமெண்டுக்கும், வெயிலும் வறட்சியும் மிகுந்த காலத்திலும் 10 நாள். தரைத்தளத்தில் இணைப்புகளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். மொட்டை மாடியில் நீர் வடியச் சரிவு கொடுங்கள். மழைக்காலத்திற்கு முன் வடிகுழாய் வாயில் கிடக்கும் சருகை அகற்றுங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தால் கம்பி துருப்பிடிக்கும்வரை காத்திராமல் அடையுங்கள். கலவையில் குறைவாகவும், இறுகும் நாட்களில் தாராளமாகவும் நீர் கொடுங்கள். பிறகு எங்கும் தேங்கவிடாதீர்கள்.