தெருவிற் கண்ட நடை

1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் லண்டன் வைத்தியர் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அதில் விவரிக்கப்பெற்ற நோயாளிகள் அறுவரே. அவர்களுள்ளும் மூவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவரல்லர், வெளியே கண்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உடல் முன்சாய, நடை தன்வசமின்றி ஓட்டமாக மாறும் விந்தையை அந்நூல் குறிக்கிறது. பாரிஸ் நகரத்து ஷார்க்கோ பின்னர் நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார்.

நடையைக் கருவியால் அளக்கும் முயற்சியும் பழையதே. பிரெஞ்சு அறிஞர் மாரே, காலணியின் அடியில் ரப்பர்க் காற்றறை அமைத்த செய்தியை 1873-இல் வெளியான தம் நூலில் விவரித்தார். பாதம் பதியுந்தோறும் அழுந்திய காற்று, குழாய் வழியே சென்று, நடப்பவர் கையில் ஏந்திய உருளையிற் கோடு கிழித்தது. அவர் ஆராய்ந்தது இந்நோயையன்று, பொதுவான நடையையே.

இன்று அவ்வேலையைச் செய்வது உடலிற் கட்டும் சிறு 'உணரி'. (அச்சொல்லை எழுதியெழுதி நமக்கும் பழகிவிட்டது!) ஊரிலிருந்து வந்த தந்தையாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற நேயர்கள் இதன் அருமையை அறிவர். வாயிற்படியில் கால் ஒட்டினாற்போல் நின்றுவிடுபவர், வைத்தியர் முன்னே நன்றாக நடந்து காட்டுவார்! வீட்டார் சொல்லுக்குச் சான்று ஏது?

நின்ற கால் பெரும்பாலும் ஓய்ந்திருப்பதில்லை. விநாடிக்கு 3 முதல் 8 முறை அதிர்கிறது. நடையின் அசைவோ அதனினும் மெதுவானது. கீழ்க்காலில் கட்டிய கருவியால் இவ்வேறுபாட்டை அளக்கும் முறை 2008-இல் வெளியாயிற்று. 2010-இல் வேறொரு குழுவினர், நடை தடைப்பட்டதும் காதில் தாளவொலி எழுப்பும் கருவியைச் சோதித்தனர். அது துணைபுரிந்தது என்று நோயாளிகளிற் சிலர் கூறினர்.