ஆர்ஜியின் நாட்குறிப்பும் எங்கள் பிள்ளைகளின் மௌனமும்

1983 ஜூலையைப் பற்றி எழுத வந்தால் நாங்கள் எண்களோடுதான் தொடங்குகிறோம். 23ஆம் திகதி திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினர். 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழர்கள். இவை மறக்கக்கூடாத எண்கள். ஆனால் அந்நாட்களில் பதின்மூன்று, பதினான்கு வயதில் இருந்தவர்களின் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை அவை சொல்லமாட்டா.

அதைச் சொல்ல முயன்ற நாவல், ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்'. 1994இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கொழும்பில் வசதியாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஆர்ஜி. மற்றப் பையன்களைப் போலத் தான் இல்லை என்பதைச் சிறுவயதிலேயே உணர்கிறான். பாடசாலையில் ஷெஹான் என்ற சிங்கள மாணவன்மீது காதல் கொள்கிறான். எங்களில் சிலர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவர். அவர்கள் இழப்பது இறுதி அத்தியாயத்தை.

அது நாட்குறிப்பாக எழுதப்பட்டது. வீடு எரிகிறது. அயல்வீட்டில் ஒளிந்து தப்புகிறார்கள். அம்மாச்சியும் அப்பாச்சியும் காரோடு எரிக்கப்படுகிறார்கள். ஆர்ஜி திகதியிட்டு எழுதிக்கொண்டு போகிறான். ஷெஹான் சிங்களவன், தான் அப்படியல்ல என்பது முதன்முறையாக உறைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறான். அதற்காக அவனை வெறுக்கவில்லை. கனடாவுக்குப் புறப்படுமுன் எரிந்த வீட்டுக்குப் போய் அழுகிறான். அவன் வளர்ந்தது மறந்ததால் அல்ல. நடந்ததை அதன் பெயரிலேயே சொல்லப் பழகியதால்.

டென்மார்க்கிலிருந்து இதை வாசிக்கும் எங்களுக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வருகிறது. அதே 1983இல் இந்நாடு இயற்றிய வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவி பிள்ளைகளை அழைக்கும் உரிமையைத் தந்தது. 1987 இலையுதிர்காலத்தில் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழரின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். இலங்கை-இந்திய ஒப்பந்தம் வந்துவிட்டது, அகதிகள் திரும்பலாம் என்பது காட்டப்பட்ட நியாயம். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் போர் நடத்திக்கொண்டிருந்தது. 1989 தொடக்கம்வரை தகப்பன் இங்கே, பிள்ளைகள் ஷெல்லடிக்குள் அங்கே. இந்தத் 'தமிழர் வழக்கு' 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரைப் பதவி விலகவைத்தது. 1995இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

விசாரணை அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கங்கள். அமைச்சரும் அதிகாரிகளும் எந்த நாளில் என்ன செய்தார்கள் என்பதை அது ஆராய்ந்தது. பங்கருக்குள் காத்திருந்த பிள்ளை எந்த நாளில் என்ன கண்டது என்பதை எழுதுவது அதன் வேலையல்ல. அது எங்கள் வேலை. நாங்கள் செய்யவில்லை.

உணவகங்களில் கோப்பை கழுவும்போது மூத்தவர்கள் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்: "வந்த நாளிலயிருந்து பெடியன் ஒருக்காலும் அழேல்லை, அவ்வளவு பொறுப்பு." நாங்களும் தலையாட்டினோம். இப்போது ஐயம் வருகிறது. அது பொறுப்பா, அல்லது கேட்க ஆளில்லாததால் வந்த மௌனமா?

அப்பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்தவர்கள். இனியாவது கேட்போம், திகதியோடு எழுதச் சொல்வோம். டெனிஷ் மொழியில் எழுதினாலும் பரவாயில்லை. யாராவது தமிழில் மொழிபெயர்த்துத் தருவார்கள்.