பெய்ல்மர்மேர்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் தென்கிழக்கில் உள்ள குடியிருப்புப் பகுதி. கட்டுமானம் 1966இல் தொடங்கியது. 1968இல் முதல் குடும்பங்கள் குடியேறின. தேன்கூட்டு வடிவில் நீண்ட அடுக்குமாடிகள், தரையில் பூங்காக்கள், உயர்த்திய சாலைகளில் கார்கள் என நடுத்தர வர்க்க டச்சுக் குடும்பங்களுக்காகவே இது திட்டமிடப்பட்டது. ஆனால் வாடகை அதிகம், கடைகள் குறைவு. மெட்ரோ ரயிலும் 1977இல்தான் வந்தது. அக்குடும்பங்கள் புறநகர்த் தனிவீடுகளை நாடின. வீடுகள் காலியாகக் கிடந்தன.

டச்சுக் காலனியாக இருந்த சுரினாம் 1975இல் விடுதலை பெற்றதையொட்டி அந்நாட்டினர் பெருமளவில் நெதர்லாந்துக்கு வந்தனர். நகரின் பிற பகுதிகளில் வீடு கிடைப்பது அவர்களுக்கு அரிதாக இருந்தது. பெய்ல்மர்மேரின் ஃக்லிப்ஹூவ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் காலி வீடுகளில் சிலர் அனுமதியின்றியே குடியேறினர். பின்னர் கானா, அண்டிலீஸ் தீவுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். வேலையின்மையும் போதைப்பொருள் விற்பனையும் பகுதியின் பெயரைக் கெடுத்தன. பழி குடியேறிகள்மேல் விழுந்தது. ஆனால் காலி வீடுகளும் பராமரிப்பின்மையும் அவர்கள் வருமுன்பே தொடங்கிய கோளாறுகள்.

1992 அக்டோபர் 4 அன்று எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் இப்பகுதியின் இரு கட்டடங்கள்மேல் விழுந்தது. அதிகாரபூர்வ எண்ணிக்கைப்படி இறந்தோர் 43 பேர். ஆவணமற்ற குடியேறிகள் பலர் அங்கு வாழ்ந்ததால் அந்த எண்ணை நம்ப மறுத்தவர்கள் உண்டு. உயிர்தப்பியோரின் உடல்நலக் குறைகள் நாடாளுமன்ற விசாரணைவரை சென்றன.

தொடர்ந்த புனரமைப்பில் பல அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டுத் தாழ்வான வீடுகள் எழுந்தன. இடிப்பிலிருந்து தப்பிய கிளைபர்க் கட்டடத்தின் சீரமைப்பு 2017இல் கட்டடக்கலைக்கான மீஸ் வான் டெர் ரோ பரிசு பெற்றது.