கீழாநெல்லியும் ஒரு நோபல் பரிசும்

1/ "டாக்டர், மஞ்சக்காமாலைக்குத்தான் கீழாநெல்லி இருக்கே, அதைச் சாப்பிட்டா போதாதா?" கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார். ரத்ததான முகாமில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னு தெரிஞ்சிருக்கு. கண்ணில் மஞ்சள் இல்லை, உடம்புக்கும் ஒண்ணும் இல்லை. ஒரு மண்டலம் கீழாநெல்லியை அரைச்சு மோரில் கலந்து குடிச்சிட்டு வந்திருக்கார்.

2/ சிரிச்சிட்டுக் கடந்து போற கேள்வி இல்லைங்க இது. நோபல் பரிசு வாங்கிய ஒரு விஞ்ஞானியும் இதே கேள்வியைக் கேட்டிருக்கார், அதுவும் நம்ம சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

3/ முதல்ல ஒரு விஷயம். மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயர் இல்லை, அது ஒரு அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் கூடினால் கண் மஞ்சளாகும். அதுக்கு வைரஸ், மது, பித்தக்கல், சில மாத்திரைகள், புற்றுநோய் என்று காரணங்கள் பல. எல்லாத்துக்கும் ஒரே மருந்து எப்படி வேலை செய்யும்?

4/ 1955 டிசம்பர், டெல்லி. யமுனையில் வெள்ளம் வந்து, குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. அப்போ எல்லாரும் அதை ஹெபடைட்டிஸ் ஏ என்றுதான் நினைச்சாங்க. பல வருஷம் கழிச்சு, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் 'இது வேற வைரஸ்' என்று புரிந்தது.

5/ 1983-ல் சோவியத் வைரஸ் ஆய்வாளர் மிகைல் பாலயான் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்தார்! அவருக்கும் காமாலை வந்தது. அவர் மலத்திலேயே அந்த வைரஸை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அதைத்தான் இன்று ஹெபடைட்டிஸ் ஈ என்கிறோம்.

6/ ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியா வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரத்தில் எதைக் குடித்தாலும், குடித்ததுக்குத்தான் பேர் கிடைக்கும். (கர்ப்பிணிகளுக்கு ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கவே கூடாது.)

7/ 'பி' கதையே வேற. 1960-களில் அமெரிக்காவின் பருச் பிளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதத்தைக் கண்டார். அவர் தேடியது கல்லீரல் வைரஸை இல்லை, மனிதர்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாடுகளை. கிடைத்தது ஹெபடைட்டிஸ் பி! 1976-ல் நோபல் பரிசு.

8/ இப்போ சென்னைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் 1982-ல், கீழாநெல்லிச் சாறு சோதனைக்குழாயில் இந்த வைரஸின் மேற்புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று எழுதினார்கள். பிளம்பெர்க் குழு அமெரிக்காவில் வுட்சக் என்ற விலங்கில் சோதித்து, 1987-ல் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டது.

9/ 1988-ல் இரு தரப்பும் சேர்ந்து லான்செட் இதழில் கட்டுரை. சென்னை நோயாளிகளுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. 37 பேரில் 22 பேருக்கு (59%) வைரஸ் புரதம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது.

10/ அறிவியலில் அடுத்த படி, இன்னொருத்தர் செய்தாலும் அதே முடிவு வருதான்னு பார்க்கிறது. 1990-ல் தாய்லாந்தில் செய்தார்கள், பலன் இல்லை. 1994-ல் நியூசிலாந்திலும் இல்லை. செடி ரகம் வேறயா, மண் வேறயா என்றெல்லாம் விவாதம் நடந்தது. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவும், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

11/ இதில் யாரையும் கேலி செய்ய ஒண்ணும் இல்லை. பாட்டி வைத்தியத்தை மதித்து, நேர்மையாகச் சோதித்தார்கள். சோதனையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

12/ அதே காலத்தில் தடுப்பூசி வந்துவிட்டது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே தயாரித்ததும் விலை இறங்கியது. இன்று அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் இலவசம். டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று தினம் ஒரே மாத்திரையும் இருக்கு. வைரஸை முழுசா விரட்டாது, ஆனா அடக்கி வைக்கும். கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

13/ 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. சென்னை ஸ்டான்லியும் தூரமில்லை. வெளிமாநிலத் தொழிலாளி நண்பர்களுக்கும் சொல்லுங்க.

14/ கூட உட்கார்ந்து சாப்பிட்டால் 'பி' பரவாது. கேன்டீன் தட்டு, டம்ளர் வழியாவும் பரவாது. ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, பிரசவம், பிறர் பயன்படுத்திய ஊசி, பிளேடு வழியா பரவும். பாசிட்டிவ் என்று ஒருத்தரைக் கேன்டீனில் தனியா உட்கார வைப்பது மருத்துவம் இல்லை, அவமதிப்பு.

15/ அந்தத் தம்பிக்கு மறுபடி டெஸ்ட் எடுத்தோம். பி இன்னும் பாசிட்டிவ்தான். வைரஸ் அளவு குறைவு, கல்லீரல் நல்லா இருக்கு. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனா ஆறு மாசத்துக்கு ஒருமுறை கட்டாயம் வரணும். மனைவிக்கு நெகட்டிவ், தடுப்பூசி போட ஆரம்பிச்சாச்சு.

16/ பிளம்பெர்க் பிறந்தது ஜூலை 28. அதே நாள்தான் உலக ஹெபடைட்டிஸ் தினம். அதுவரை காத்திருக்காதீங்க. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க.